கெயின் பத்தில், வால்யூம் மூன்றில்

எங்கள் வீட்டில் குக்கர் கிடையாது. சோற்றை வடித்துத்தான் சாப்பிடுகிறோம். காலிங் பெல்லின் வயரைப் பிடுங்கி ஆறு வருடம் ஆகிறது. என் போனும் அக்காவின் போனும் எந்நேரமும் அதிர்விலேயே கிடக்கும். ஆடி மாதம் ராஜபாளையத்தில் மலைக்காற்று கிறுக்குப் பிடித்ததுபோல் இறங்கும். அதற்காக ஒவ்வொரு கதவுக்கும் அடியில் பழைய சேலைத் துணியை மடித்துச் சொருகி வைத்திருப்பேன். ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டால் போதும், அக்கா அந்த இடத்தில் இருக்க மாட்டாள். கொல்லைப்புறத்திலோ தெருவிலோ போய் நிற்பாள். எப்படி அங்கே போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். முன்பு சுந்தரபாண்டியத்தில் தனியாக இருந்தாள். கல்யாணமான நாலாம் வருடமே அத்தான் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். காலையில் தெருமுனைக்கு வேன் வரும். அதில் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போவாள். சாயங்காலம் நகக்கண்ணில் வெள்ளிப் பொடி மினுங்கத் திரும்புவாள். ஒரு நாள் காலை அங்கே ஓர் அறை வெடித்தது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு. அக்கா இருக்கிறாளா இல்லையா என்று மத்தியானம் மூன்று மணி வரை எங்களுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிப் பட்டியலிலும் அவள் பேர் இல்லை, இறந்தவர்கள் பட்டியலிலும் இல்லை. கடைசியில் ஆலையிலிருந்து ரொம்ப தூரத்தில், கருவேலங்காட்டுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை ஆடு மேய்க்கிற ஒருவர் பார்த்து வந்து சொன்னார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இடது காது மட்டும் அன்றோடு மந்தமாகிவிட்டது. அங்கே என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் அக்காவும்தான். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் டீச்சர். தினமும் ஸ்கூட்டரில் போய் வருவேன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் கித்தார் ஆம்ப்ளிஃபயரை யாராவது கொண்டு வருவார்களா என்று கேட்கலாம். சத்தம் வராது என்று நம்பித்தான் கொண்டு வந்தேன். எங்கள் பள்ளியில் வேலை பார்த்த இளம் வாத்தியார் ஒருவர் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கையில் கித்தார் வாசிப்பார். மத்தியான இடைவேளையில் எனக்கும் நாலு விரல் பழக்கிவிட்டார். நாற்பது வயதை நெருங்கும்போது எனக்கென்று ஒரு ஆசை வந்தது, சொல்லவே கூச்சமாக இருந்தது. அவருக்கு வெளி மாவட்டத்துக்கு மாறுதல் வந்தபோது, தன்னிடம் இருந்த பழைய எலக்ட்ரிக் கித்தாரையும் அதற்கான சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் என்னிடம் கொடுத்தார்.

"அக்கா இருக்காவளே சார், வேண்டாம்," என்றேன்.

"அதுக்குத்தான் டீச்சர் இதக் கொடுக்கேன். சாதா கித்தார்னா சத்தம் ரூம் பூரா போகும். இதுல ஹெட்ஃபோன் மாட்டிட்டா ஸ்பீக்கர் கட்டாயிடும். பக்கத்துல உக்காந்திருக்க ஆளுக்குக்கூட கேக்காது."

கையிலே தூக்கக்கூடிய பெட்டி அது. முன்பக்கம் கறுப்புத் துணி, மேலே வரிசையாக நாலு திருகுகள். கெயின், வால்யூம், பேஸ், ட்ரெபிள். கெயினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். ஓரத்தில் ஹெட்ஃபோன் சொருகும் ஓட்டை. அக்காவிடம் காட்டினேன். தொடவில்லை. சேலை முந்தியைக் கையில் சுற்றிக்கொண்டு தள்ளி நின்றே பார்த்தாள்.

"இது சத்தம் போடுமாட்டி?"

"போடாதுக்கா. என் காதுக்குள்ள மட்டுந்தான் கேக்கும்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

முன் அறையில் உட்கார்ந்து பழக ஆரம்பித்தேன். அந்த நாலு திருகுகளில் வால்யூம் என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டில் அந்தப் பொத்தானைத் தொடும்போதே என் விரல் கூசும். அதனால் வால்யூமை மூன்றுக்கு மேல் ஏற்றவே இல்லை. கெயினைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. ஐந்தாம் வகுப்புக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுக்கும்போது 'பெறுதல், அடைதல்' என்று பலகையில் எழுதிப் போடுவேன். கெட்ட அர்த்தம் ஒன்றும் கிடையாது. அதைத் திருப்பத் திருப்ப ஹெட்ஃபோனுக்குள் என் சொத்தை வாசிப்பு தடித்து, இழுத்துக்கொண்டு நின்று, யாரோ பெரிய ஆள் வாசிக்கிற மாதிரி கேட்டது. பக்கத்துப் பொத்தானையும் அமுக்கினேன். இன்னும் கனம் கூடியது. இரண்டே வாரத்தில் கெயின் பத்துக்கு வந்து நின்றுவிட்டது. வால்யூம் மூன்றில்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

அன்று சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். அடுப்படியில் அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் முன் அறையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தேன். எதிர் மேசையில் போன் அதிர்ந்தபடி நகர்ந்தது. வீட்டுக்காரர். எட்டு நாளாக அவர் இருக்கிற இடத்தில் சிக்னல் இல்லை. அழைப்பு நின்றுவிடுமே என்ற பதற்றத்தில் கித்தாரோடு அப்படியே எழுந்தேன். ஹெட்ஃபோன் வயர் காலில் மாட்டியது. ஓட்டையிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? முதலில் ஒரு உறுமல், கண் இமைக்கிற நேரம். உடனே அது கூவலாக மாறி ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நான் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. அது தானாகக் கத்தியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. குனிந்து வால்யூம் திருகைப் பிடித்தேன். பிடித்த பதற்றத்தில் எந்தப் பக்கம் திருப்பினேன் என்று தெரியவில்லை. சத்தம் இன்னும் பெரிதாகி என் பல்லுக்குள் இறங்கியது. திருகை விட்டுவிட்டுச் சுவரில் இருந்த ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. ஃபேன் சுற்றுவதுகூடக் கேட்கவில்லை.

"அக்கா," என்றேன்.

அடுப்படியில் முறம் கவிழ்ந்து கீரை தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. கொல்லைக் கதவு விரியத் திறந்திருந்தது. செருப்பு வாசலில். போன் அலமாரியில். அக்கா இல்லை.

கொல்லைப்புறம், பக்கத்துச் சந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று அவள் வழக்கமாக நிற்கிற இடமெல்லாம் பார்த்தேன். எங்கும் இல்லை. எதிர்வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெலுங்கு பேசுகிறவர், என்னை அம்மாயி என்றுதான் கூப்பிடுவார்.

"ஏம் அம்மாயி, என்ன சத்தம் அது? ஒங்க அக்கா மெயின் ரோட்டப் பாத்து ஓடுறாவ. நான் கூப்பிட்டேன், திரும்பியே பாக்கல."

"எந்தப் பக்கம்மா?"

"வில்லிபுத்தூர்ப் பக்கம்."

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோடு கூப்பிடு தூரம். அந்த ரோட்டில் கேரளாவுக்குப் போகிற லாரிகள் ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்று போகும். அக்காவுக்கு இடது காது கேட்காது. அவள் ரோட்டைக் கடந்திருப்பாளா, இடது பக்கம் வருகிற வண்டி அவளுக்குத் தெரியுமா என்று அதே கேள்விதான் தலைக்குள் சுற்றியது. தூரத்தில் ரோட்டோரம் ஏதாவது துணி கிடந்தால் அவள் கட்டியிருந்த பச்சைச் சேலையோ என்று வண்டியை மெதுவாக்கிப் பார்த்தேன். ஒரு இடத்தில் ஏழெட்டுப் பேர் கூட்டமாக நின்றார்கள். சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தினேன். போனால் என்ன பார்ப்பேனோ என்று அங்கேயே நின்றேன். பிறகு கூட்டம் விலகியது. சக்கரம் கழன்ற ஒரு டிராக்டர். அவ்வளவுதான்.

மில் கேட்டுகளைத் தாண்டினேன். மாந்தோப்பைத் தாண்டினேன். ஆளைக் கண்டால் நிறுத்தி, "பச்சச் சேல கட்டுன ஒரு அக்கா, செருப்பில்லாம வந்தாவளா?" என்று கேட்டேன். சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவர், "ஓட்டமா போச்சே ஒரு பொம்பள," என்றார். எவ்வளவு நேரம் முன்னால் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. போலீசுக்குப் போன் போடலாம் என்றால், என்னவென்று சொல்வது? நான் திருகைத் தப்பாகத் திருப்பினேன், அக்கா ஓடிவிட்டாள் என்றா?

இன்னும் கொஞ்ச தூரம் போயிருப்பேன். ரோட்டோரம் இளநீர் விற்கிற ஒரு பெண் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள். நான் தேடுகிறது முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"இவியளத்தான் தேடுறியளா?" என்று தன் பின்னால் காட்டினாள்.

இளநீர்க் குவியலுக்குப் பின்னால், புளியமரத்தின் வேரில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அக்கா. உள்ளங்கால் இரண்டும் கிழிந்து தார் ஒட்டியிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொடப் பயமாக இருந்தது. செத்த நேரம் கழித்து அவளாகத்தான் என் பக்கம் திரும்பினாள். என் முகம், கை, தலைமுடி எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

"வெளிய வந்துட்டியாட்டி?"

"ஒண்ணும் ஆகலக்கா. அந்தப் பொட்டிதான் கத்திருச்சு. வேற ஒண்ணுமில்ல."

அவள் காதில் அது விழவே இல்லை. "உன்ன உள்ள விட்டுட்டு ஓடியாந்துட்டேன்லட்டி," என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். இளநீர்க்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அவள் காலைக் கழுவி மருந்து போட்டேன். பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டபோது தலைவலி என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் அக்கா பேசவில்லை. எனக்கு வீட்டுக்குள் நடக்கவே பயம். தம்ளரைத் தரையில் வைக்கும்போதுகூட விரலை அடியில் கொடுத்து வைத்தேன். பள்ளியில் மணி அடித்தால் எனக்கே தூக்கிப் போட்டது. ஆறு வருடமாக அக்காவின் பயத்துக்குப் பக்கத்தில் இருந்தேன்; அந்த இரண்டு நாளில் அது எனக்குள்ளும் குடிவந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை நான் தலை சீவிக்கொண்டிருந்தபோது அக்கா அறை வாசலில் வந்து நின்றாள்.

"அது ஏன் அப்படிக் கத்துச்சு?"

"தெரியலக்கா."

"தெரியாமலா கையில வச்சிருந்த?"

சீப்பைக் கீழே வைத்தேன்.

"நாங்க வெடிமருந்துல வேல செய்யிறவுக. எது எதோட சேந்தா என்ன ஆகும்னு தெரியாம தொட மாட்டோம். எம்புட்டு அடைக்கணும்னு மொத நாளே சொல்லித் தருவாவ. நீ படிச்ச டீச்சர். நாலு திருகு இருக்கு. எது என்ன செய்யும்னு தெரியாம வீட்டுக்குள்ள வச்சிருந்திருக்க."

"கொடுத்திருதேன்க்கா. யாருக்காவது கொடுத்திருதேன்."

"கொடுத்தா? வாங்குறவுக வீட்லயும் அது கத்தும்ல. தெரிஞ்சுக்கிட்டு வா மொதல்ல." வாசலைவிட்டு நகர்ந்தவள் திரும்பி, "நானும் வாரேன்," என்றாள்.

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் தைரியம் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோவிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் மைக் செட் கடை இருக்கிறது. எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்தக் கடைக்காரர்தான் வந்து கட்டுவார். ஐம்பது வயதுக்காரர், அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவைப் பின்னால் உட்கார வைத்து, பெட்டியை முன்னால் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போனேன். கித்தார் அக்காவின் தோளில். வழியில் அந்தப் புளியமரத்தைக் கடக்கும்போது அவள் என் இடுப்பைப் பிடித்திருந்த பிடி இறுகியது. 

கடைக்குள் கூம்பு ஸ்பீக்கர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. அக்கா அவற்றைப் பார்த்ததும் கித்தாரை என்னிடம் கொடுத்துவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய் ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். அக்கா ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும் சொன்னேன். அவர் முதலில் எழுந்து போய்க் கடையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினார். அப்புறம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். கரண்ட் கொடுக்கவில்லை.

"கெயின் பத்துல நிக்கி. வால்யூம் எதுல வச்சிருந்திய?"

"மூணுல அண்ணாச்சி. மூணுதான்."

"சரி, மூணு கம்மிதான்னு நெனச்சுட்டிய." தலையை ஆட்டிக்கொண்டார். "டீச்சர், கம்பியில இருந்து வர்ற சத்தம் ரொம்பப் பொடிசு. அத எம்புட்டுப் பெருசாக்கி உள்ள எடுக்கணும்னு சொல்றது கெயின். உள்ள எடுத்ததுல எம்புட்ட வெளிய விடணும்னு சொல்றது வால்யூம். ரெண்டும் வேற வேற வாசல். நீங்க வெளி வாசல மட்டும் பாத்துக்கிட்டு உள் வாசல அகலத் தொறந்து விட்டுட்டிய."

 அவர் சந்தின் முனையில் தெரிந்த ரத வீதியைக் காட்டினார்.

"தேர் அன்னைக்கு இங்க நின்னிருப்பியல்ல. பத்து பேர் நின்னா யார் என்ன பேசுறாகன்னு தனித்தனியா கேக்கும். அதே எடத்துல ஆயிரம் பேர நெருக்கினா? ஒருத்தர் மேல ஒருத்தர் நசுங்கி ஒரே இரைச்சல். கெயின ஏத்த ஏத்த கித்தார் சத்தம் அப்படித்தான் நசுங்கும். ஹெட்ஃபோன்ல கேக்கையில கனமா, சொகமா இருக்கும். கூடவே சின்னச் சின்ன ஒரசல், இரைச்சல், எல்லாம் பெருசாகும். அந்த நெரிசல் வால்யூம் மூணுங்கிற சந்து வழியா வெளிய வந்தாலும் சின்ன ரூமுக்கு அது ரொம்ப ஜாஸ்தி."

"ஆனா நான் கம்பியத் தொடவே இல்லையே."

"நீங்க தொட வேண்டாம். ஸ்பீக்கர் சத்தமே கம்பிய ஆட்டிரும். ஆடுற கம்பி மறுபடி உள்ள போவும், பெருசாகி வெளிய வரும், வெளிய வந்தது மறுபடி ஆட்டும். கல்யாண வீட்ல மைக்க ஸ்பீக்கர் முன்னால நீட்டுனா கூவுமே, அதேதான். கெயின் கம்மியா இருந்தா அம்புட்டு லேசுல நடக்காது."

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா எதிர்ப்படியிலிருந்து எழுந்து வந்து கடை வாசலில் நின்றிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"அண்ணே," என்றாள். "இதுல எது மொதல்ல வெடிக்கும்?"

நான் பதறிப்போய் அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எதுவும் வெடிக்காதும்மா. கத்தும். ரொம்பக் கத்துனா ஸ்பீக்கர் பேப்பர் கிழியும். அப்போ சத்தம் கம்மியாத்தான் ஆவும்."

"கத்துனா என்ன செய்யணும்?"

"மொதல்ல உள்ளங்கைய கம்பி மேல வைக்கணும், இப்படி அமுக்கி. ஆட்டம் நின்னா கூவல் பெரும்பாலும் நின்னுரும். பொறவு வால்யூம இந்தப் பக்கமா, பூச்சியத்துக்கு." அவர் திருகில் விரலை வைத்துக் காட்டினார். "ஓடவும் வேண்டாம், கரண்டப் புடுங்கவும் வேண்டாம்."

அக்கா உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "கத்த வையிங்க. நான் திருப்புதேன்," என்றாள்.

"அக்கா, வேண்டாம்," என்றேன்.  இங்கிருந்து ஓடினால் ரத வீதி, அதைத் தாண்டினால் பஸ் ஸ்டாண்டு, அந்தப் பக்கம் எதுவும் எனக்குச் சரியாகத் தெரியாது. கடை வாசலில் போய் மறித்து நின்றுகொள்ளலாமா என்று யோசித்தேன். ஆனால் கித்தார் என் மடியில் இருந்தது.

அண்ணாச்சி கித்தார் வயரைப் பெட்டியில் சொருகி, எல்லாத் திருகையும் பூச்சியத்துக்குக் கொண்டு வந்தபிறகே கரண்ட் கொடுத்தார். கெயினை மெதுவாக எட்டு வரை ஏற்றினார். வால்யூம் பூச்சியத்தில் இருந்ததால் ஒன்றுமே கேட்கவில்லை.  உள்ளே அத்தனையும் நெருக்கி நின்றுகொண்டிருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். என்னைப் பெட்டிக்கு எதிரே நெருங்கி உட்காரச் சொன்னார். அக்காவின் வலது கை விரல்களை வால்யூம் திருகில் வைத்தார்.

"ஒரு மயிரிழை திருப்புங்க. பொறவு ஒரு மயிரிழை. கேட்டதும் திரும்பக் கொண்டு வந்துருங்க."

ஒன்று. 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வந்தது. ஒன்றரை. இரண்டு. கம்பிகள் தானாக நடுங்க ஆரம்பித்ததை என் விரல் முதலில் உணர்ந்தது. பிறகு அந்த உறுமல். பிறகு கூவல் மெல்லத் தலை தூக்கியது.

அக்காவின் கை உறைந்துவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. கண் என்னைப் பார்த்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "திருப்புங்கம்மா," என்றார் அண்ணாச்சி. அவள் திருப்பவில்லை. கூவல் ஏறியது. எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது, உண்மையாகவே. இரண்டு காலும் தரையை உந்திவிட்டன. உள்ளங்கை எப்படிக் கம்பிமேல் போனது என்று தெரியாது. அமுக்கினேன். சத்தம் அறுந்து நின்றது.

சந்தில் ஒரு சைக்கிள் போகிற சத்தம் கேட்டது. அக்கா ஸ்டூலில்தான் இருந்தாள். அவள் விரல் இன்னும் திருகில் இருந்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, அதைப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்தாள். பிறகு முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா," என்றாள்.

அன்று ஐந்து முறை செய்தோம். மூன்றாவது முறையிலிருந்து அவளே பூச்சியத்துக்குத் திருப்பினாள்.   கிளம்பும்போது அண்ணாச்சி ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்: போடும் முன் எல்லாம் பூச்சியம், முதலில் கெயின், மூன்றுக்குள், பிறகு வால்யூம், கேட்கும் அளவுக்கு, நிறுத்தும்போது வால்யூம் முதலில்.

கெயின் மூன்றில் வைத்து ஸ்பீக்கரில் கேட்டபோது என் வாசிப்பு எவ்வளவு மோசம் என்று தெரிந்தது. எந்த விரல் சரியாக அமுக்கவில்லை, எந்தக் கம்பி தட்டுகிறது, எல்லாம் மறைக்க இடமில்லாமல் கேட்டது. இவ்வளவு நாள் கெயின் போர்த்திக் காட்டியிருக்கிறது. நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நான் பெட்டியைப் போடும் முன் அக்காவிடம் சொல்ல வேண்டும். அவள் வந்து உட்கார்ந்து வால்யூமில் கை வைப்பாள். நான் கம்பியில். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பேன். இமை லேசாகத் துடித்தாலும் நிறுத்திவிடுவேன்.

அப்படி ஒரு சாயங்காலம், நான் ஒரே வரியைத் தப்புத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தபோது, திருகிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா பேச ஆரம்பித்தாள்.

"என் பக்கத்துல ஒருத்தி இருந்தா. எங்க வேன்லதான் வருவா. தண்ணி பாட்டில் காலியாயிருச்சு, செத்த ரொப்பிட்டு வாக்கான்னா. ரொப்பிக்கிட்டு இருந்தேன். பொறவுதான் சத்தம். ஓடுனேன். ஓடையில பின்னாலருந்து அவ அக்கான்னு கூப்பிட்டா."

நான் கம்பியில் கையை வைத்தபடி இருந்தேன்.

"நான் திரும்பலட்டி."

"காதுதான் அந்த நிமிசமே போயிருச்சேக்கா," என்றேன். "எப்படிக் கேட்டிருக்கும்?"

"அதான் எனக்கும் தெரியல. கேட்டுச்சா, நானா நெனச்சுக்கிட்டனா. ஆறு வருசமா அதான் ஓடுது." பெட்டியைப் பார்த்தபடியே, "அன்னைக்கு ரோட்டுல உன்னையும் அப்படித்தான் விட்டுட்டோம்னு," என்று நிறுத்திக்கொண்டாள்.

அவளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஆனால் கம்பியிலிருந்து கையை எடுத்தால் ஏதாவது சத்தம் வந்துவிடுமோ என்று எடுக்காமலே இருந்தேன். அவள் அழவில்லை. வால்யூமைப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்துவிட்டு எழுந்து போய் உலை வைத்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்த வருடமும் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வெடிச் சத்தம் குறைந்த வெளியூருக்குப் போனோம். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு டயர் வெடித்தபோது அக்கா கொல்லைப்புறம் போய் நின்றாள். ஆனால் சந்தைத் தாண்டவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டாள்.

போன வாரம் பள்ளி முடிந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தேன். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தித் தள்ளிக்கொண்டு வருவதுதான் என் பழக்கம். வாசலுக்கு வந்தபோது உள்ளே ஒரு கம்பி ஒலித்தது. தடித்த கம்பி, ஒரே ஒரு முறை. அது முழுதாக ஓய்ந்தபிறகு அடுத்த கம்பி. பாட்டு இல்லை, விரல் அமுக்கவும் இல்லை. அக்கா ஒவ்வொன்றாக மீட்டி, கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, அடுத்ததுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சத்தம் சன்னமாக, சுத்தமாக இருந்தது. கெயினை இரண்டுக்குள்தான் வைத்திருப்பாள்.

கதவைத் தட்டப் பயமாக இருந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினாலும் 'டக்' என்று கேட்கும். படியில் அப்படியே நின்றேன். அந்த நேரம் பார்த்துக் காய்கறி வண்டி தெருவுக்குள் திரும்பியது. கூம்பு ஸ்பீக்கரில் தக்காளி, வெங்காயம் என்று பதிவு செய்த குரல் அலறிக்கொண்டு வந்தது. உள்ளே கம்பி நின்றது. ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன். வண்டிக்காரர் நான் காய் வாங்கக் கூப்பிடுவதாக நினைத்து இன்னும் கிட்டே வந்தார். கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் வருகிறதா என்று காதைக் கதவோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.  வேண்டாம் என்று கும்பிட்டு அவரை அனுப்பினேன். வண்டி மெதுவாக அடுத்த தெருவுக்குப் போனது. குரல் தேய்ந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடுத்த, இன்னும் மெல்லிய கம்பி ஒலித்தது.

ஆறு கம்பியும் முடியும் வரை படியிலேயே நின்றிருந்துவிட்டு, வால்யூம் இறங்கிப் பெட்டியின் இரைச்சலும் அடங்கியதும் மெதுவாக, "அக்கா, நாந்தான்," என்று குரல் கொடுத்தேன்.